உலர்பெட்டிக்கு ஓய்வு இல்லை

2015 அக்டோபர் 21, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஐப்பசி நாலாம் தேதி. விடியற்காலையில் பெய்த மழை நின்றிருந்தது. ஆனால் வெயில் வரவில்லை. கொடியில் போட்ட துணி மாதிரி காற்றே ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தஞ்சாவூருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருக்கும் என் மகளுடைய பட்டறையின் வாசலில், நான்கு வாளி மணலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

அன்று ஆயுத பூஜை. மகள் ஊரில் இல்லை. பெங்களூரில் ஒரு நிறுவனத்தாரைப் பார்க்கப் போயிருந்தாள். மறுநாள் காலை ரயிலில்தான் திரும்புவாள். போவதற்கு முன்பு இரண்டு தடவையும், போன பிறகு போனில் ஒரு தடவையும் சொல்லியிருந்தாள்.

"அப்பா, பூஜை போடட்டும், நான் வேண்டாங்கல. ஆனா உள்ள கற்பூரம் கூடாது. ஊதுபத்தி கூடாது. விளக்கு கூடாது. பொடி இருக்கிற எடம்ப்பா அது."

பொடி என்று அவள் சொன்னது டைட்டானியத்தை. மாவைவிட நைசாக அரைத்தது போன்ற சாம்பல் நிறப் பொடி. கட்டியாக இருக்கும்போது சாதுவான உலோகம். பொடியாகிவிட்டால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீர் அதை இன்னும் கிளப்பிவிடும். உலர்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. வாசலில் நான்கு மணல் வாளி வைக்கச் சொன்னதே நான்தான். ஐப்பசி பிறந்ததும் புதுக் கவலை வந்தது. மழைக்காற்றில் மணல் ஈரமாகிவிட்டால்? கையை விட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. எனவே பூஜைக்கு முதல் நாள் மத்தியானம், நாலு வாளி மணலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரிய இரும்பு வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வறுத்தேன். பதினேழு ஈடு ஆயிற்று.

என் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னங்க, பொரி கடையில வாங்க வேண்டாமா? நீங்களே பொரிச்சுடுவீங்களா?"

"சிரிக்காத. நெருப்பு புடிச்சா இதுதான் காப்பாத்தும்."

"நெருப்பு எங்க புடிக்கும்? நீங்கதான் தீக்குச்சியக்கூட எண்ணி வச்சிருக்கீங்களே."

அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் நீர்ப்பாசனப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். வெண்ணாறு பிரிகிற தலைப்பில் தண்ணீர் எத்தனை அடி, கிளை வாய்க்காலில் எத்தனை அடி, எந்த மதகு எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று காலையும் மாலையும் பார்த்துப் பார்த்து, எதையும் எண்ணாமல் விட முடியாத புத்தியாகிவிட்டது. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. அதில் பதினான்கு வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். அதையும் எண்ணித்தான் வைத்திருந்தேன். என் வீடும் அந்தப் பதினான்கில் ஒன்றாக இருந்தது. மகள் திரும்பி வந்ததும் பதின்மூன்று ஆயிற்று.

அவள் சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் இருந்தாள். உலோகத்தை லேசரால் உருக்கிப் படலம் படலமாக அடுக்கிப் பொருள் செய்கிற ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. அந்தக் கூடம் புது இயந்திரம் வாங்கியபோது பழையதைக் கழித்தது. அதை வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை அங்கேயே வேலையில் இருந்தார். ஒரு வருஷம் பார்ப்பது, நடக்கவில்லையென்றால் ஜனவரியில் இயந்திரத்தை விற்றுவிட்டு அங்கேயே திரும்பிவிடுவது என்று அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். எங்களிடம் கலந்துகொள்ளவில்லை. சொன்னார்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் வரை உருப்படியான ஆர்டர் எதுவும் வரவில்லை. பிறகு பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். எலும்பு முறிந்தவர்களுக்கு உள்ளே வைத்துத் திருகுகிற தகடு செய்கிறவர்கள். ஒரே தகட்டில் ஒரு முனை வளைந்து கொடுக்க வேண்டும், டாக்டர் அதை எலும்பின் வாகுக்கு வளைத்துக்கொள்ள. மறு முனை விறைத்து நின்று பாரம் தாங்க வேண்டும். வளைவதற்குச் சுத்தமான டைட்டானியம். விறைப்புக்கு அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டானியம். இரண்டையும் தனித்தனியாகச் செய்து ஒட்டினால் ஒட்டின இடத்தில் விரிசல் விடும். ஒட்டே தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மெல்ல மாற வேண்டும். மாதிரிக்கு மூன்று கட்டைகள் கேட்டார்கள், ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் நீளம். நவம்பர் முதல் வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். தேறினால் ஆர்டர்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி மாற்றுகிறாய் என்று கேட்டேன். இயந்திரத்தின் கண்ணாடி வழியாகக் காட்டினாள். இரண்டு கூம்பு, இரண்டு பொடி. இரண்டு குழாயும் ஒரே மூக்கில் வந்து சேர்கின்றன. லேசர் விழுகிற இடத்தில் பொடி தூவி, உருகி, உறைகிறது. ஒரு கூம்பில் வரத்தை நூற்றுக்கு ஐந்து குறைக்கும்போது மற்றதில் ஐந்து கூட்டுகிறது கம்ப்யூட்டர். இருபது படிகளில் இது முழுக்க நின்று அது முழுக்க வந்துவிடும்.

எனக்கு உடனே பிடிபட்டது. ஒரு தலைப்பில் இரண்டு ஆற்றுக்கும் தண்ணீர் பிரிக்கும்போது நாங்கள் செய்ததும் இதுதான். ஒரு பக்கத்து ஷட்டரை இறக்கிக்கொண்டே மறு பக்கத்தை ஏற்ற வேண்டும், அங்குலம் அங்குலமாக. அவசரப்பட்டுச் சட்டென்று மாற்றினால் தண்ணீர் மோதிக் கரையைத் தின்றுவிடும். "அதேதான்ப்பா," என்றாள் மகள். "இங்க கரைக்குப் பதிலா விரிசல்." ஒன்பது வருஷம் போனில் அவள் சொல்லி எனக்குப் புரியாதது, அன்று ஐந்து நிமிடத்தில் புரிந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் பட்டறைக்குப் போய் எல்லா முள்ளையும் எண்ணையும் பார்த்து வருவது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டேன். பொடியில் காற்றுப் படாமல் காக்கிற ஆர்கான் வாயுவின் அழுத்தம், இயந்திர அறைக்குள் ஆக்சிஜன், உலர்பெட்டியில் ஈரப்பதம்.

உலர்பெட்டி என்பது கண்ணாடிக் கதவு போட்ட, பீரோ உயரப் பெட்டி. பொடி டின்கள் அதற்குள் மூடி தளர்ந்த நிலையில் இருக்கும். பெட்டி இருபத்து நாலு மணி நேரமும் முனகிக்கொண்டு ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளும். அதன் மேல் ஒரு சின்ன எண் எரியும். பத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. எப்போதும் ஆறு, ஏழு என்றே இருக்கும்.

இனி பூஜைக்கு வருகிறேன்.

இயந்திரத்தை ஓட்டுகிறவர் வேளாங்கண்ணிப் பக்கத்துக் கத்தோலிக்கர். முப்பது வயது, வளைகுடாவில் நாலு வருஷம் லேத் ஓட்டிவிட்டு வந்தவர். ஆயுத பூஜைக்கு எங்களையெல்லாம்விட அவருக்குத்தான் உற்சாகம். வாழைக்கன்று, மாவிலை, பூசணிக்காய் எல்லாம் அவரே வாங்கி வந்திருந்தார்.

"என்ன தம்பி, உங்க சாமியார் கோச்சுக்க மாட்டாரா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அவரே கோயில் வேனுக்குச் சந்தனம் வச்சு மந்திரிச்சுக் குடுப்பாரும்மா. மிஷினுக்கு என்ன மதம் இருக்கு? வருஷம் பூரா ஒழைக்குது."

இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்தோம், குங்குமம் வைத்தோம். ஆர்கான் சிலிண்டர்களுக்கு, கம்ப்யூட்டருக்கு, திருப்புளிகளுக்கு, தராசுக்கு வைத்தோம். நான் கூடவே போய், ஈரச் சந்தனம் எந்தத் துளையிலும் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். கற்பூரத்தை வாசலுக்கு வெளியே, தெருவில், ஒரு செங்கல்மேல் வைத்து ஏற்றச் சொன்னேன். உள்ளேயிருந்து பதினெட்டு அடி. பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்தவர்கள் சிரித்தார்கள்.

"சார், இது கற்பூரமா, ராக்கெட்டா? இவ்ளோ தூரத்துல நின்னு பாக்கணுமா?"

"நீங்க பொரியச் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றேன்.

கற்பூரம் அணைகிற வரை அங்கேயே நின்றேன். அணைந்த பிறகு செங்கலைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

பூஜை முடிந்ததும் ஆபரேட்டர் எல்லோரையும் பார்த்து, "மிஷினுக்கு ரெஸ்ட் குடுத்துடலாமா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் அப்படித்தான். அரிசி ஆலையானாலும் சைக்கிள் கடையானாலும், பூஜை போட்டால் மறுநாள் விஜயதசமி வரை எதையும் ஓட்டக் கூடாது. அவர் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். கூடத்தில் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. பக்கத்துப் பட்டறைக்காரர் கைதட்டினார். எனக்கும் நிம்மதிதான், கரண்டே இல்லாத இடத்தில் பொறி எங்கிருந்து வரும்?

உலர்பெட்டியும் நின்றது. அதுவும் இயந்திரம்தானே. அதன் நெற்றியிலும் சந்தனம் இருந்தது. என் மனைவி கதவைத் திறந்து, டின்களின்மேல் ஆளுக்கு ஒரு முழம் மல்லிகைச் சரத்தைச் சுற்றிவைத்தாள். வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்த பூ. மகள் கற்பூரத்தைப் பற்றிச் சொன்னாள், ஊதுபத்தியைப் பற்றிச் சொன்னாள். இதைப் பற்றிச் சொல்லவில்லை. இயந்திரத்தை ஓய்வெடுக்க வைக்கிற ஊரில் அவள் ஒன்பது வருஷம் இருக்கவில்லை. அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஆபரேட்டர் போய்ப் பூவையெல்லாம் எடுத்துவிட்டு மெயினைப் போட்டார். நான் எட்டு மணிக்குப் போய் எண்களைப் பார்த்தேன். உலர்பெட்டி ஏழு காட்டியது. எல்லாம் வழக்கம் போல. பொடியைக் கூம்பில் நிரப்பி, ஆர்கான் விட்டு, முதல் கட்டையை ஓட விட்டார். மகள் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து குளித்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"பூஜை நல்லா நடந்துதாப்பா?"

"கற்பூரம் தெருவுல," என்றேன்.

"சூப்பர்ப்பா."

மத்தியானம் ஒரு மணிக்கு மூவரும் பட்டறைக்குப் போனோம். கட்டை முடிந்து ஆறிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் அதை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். என் மனைவிதான் முதலில் பேசினாள்.

"ஐயோ, என்ன அழகு! மயில்கழுத்துக் கலர். என் கல்யாணத்துக்கு இந்தக் கலர்லதான் பட்டு கேட்டேன், கெடைக்கல."

உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஒரு முனையில் வைக்கோல் நிறம், அதிலிருந்து ஊதா, அதிலிருந்து நீலம், பச்சை கலந்த நீலம். மகள் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அவளிடம் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற முகத்தைப் பார்த்தேன்.

"வெள்ளி மாதிரி இருக்கணும்," என்றாள். "கலர் வந்தா ஆக்சிஜன் உள்ள போயிருக்குன்னு அர்த்தம். எங்கயோ காத்தோ ஈரமோ பூந்திருக்கு."

வாயுக் குழாய்களைப் பார்த்தார்கள். கசிவு இல்லை. அறைக்குள் ஆக்சிஜன் எண் சரியாக இருந்தது. அவள் உலர்பெட்டியைத் திறந்தாள். திறந்ததும் நின்றுவிட்டாள்.

"மல்லிகைப்பூ வாசனை வருது."

யாரும் ஒளிக்கவில்லை. ஆபரேட்டர் உடனே சொன்னார்.

"நேத்து ரெஸ்ட் குடுத்தோம்ல மேடம். மெயின் ஆஃப் பண்ணோம். பத்தேகாலுலேர்ந்து இன்னிக்குக் காலைல ஆறரை வரைக்கும்."

"டிரையரையுமா?"

"அதுவும் மிஷின்தானே மேடம்."

"நான்தான்டி பூ வச்சேன்," என்றாள் என் மனைவி. "எல்லாத்துக்கும் வச்சேன், அதுக்கு மட்டும் வைக்காம எப்படி விடறது?"

இருபதே கால் மணி நேரம். ஐப்பசி ஈரம். மூடி தளர்ந்த டின், மேலே நனைந்த பூ.

"ஆனா நான் காலைல பாத்தேனே," என்றேன். "ஏழுதான் காட்டுச்சு."

"அது பெட்டிக்குள்ள இருக்கிற காத்துக்குப்பா. காத்து ஒரு மணி நேரத்துல காஞ்சுடும். பொடி காயாது."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். தலைப்பில் அளவுகோல் ஐந்தடி காட்டும், கடைமடையில் நாற்று காய்ந்துகொண்டிருக்கும். கோல் பொய் சொல்லவில்லை, அது தான் நிற்கிற இடத்துத் தண்ணீரைத்தான் சொல்கிறது. இதை விவசாயிகளிடம் திட்டு வாங்கி வாங்கித் தெரிந்துகொண்டவன் நான். மணலை வறுத்தவனும் நான்.

மகள் கணக்குப் போட்டாள். கலந்த டைட்டானியத்தில் சீல் உடைக்காத டின் ஒன்று இருந்தது. சுத்தமானதில் இது ஒன்றுதான். புதிதாக வரவழைத்தால் இரண்டு மாதம். ஒரு கட்டைக்கு ஆனது போக, இன்னும் இரண்டு கட்டைக்குத்தான் காணும். அதையும் காய வைத்தால்தான். வெற்றிடத்தில் சூடாக்கிக் காய வைக்கிற அடுப்பு திருச்சியில் ஒரு கல்லூரியில் இருந்தது. அவர்களுக்குத் தொடர் விடுமுறை. திங்கள்கிழமை வரச் சொன்னார்கள்.

நடுவில் மூன்று நாள். மாப்பிள்ளை ஒரு தடவை போன் செய்தார். மகள் மாடிக்குப் போய்ப் பேசினாள். கீழே இறங்கி வந்ததும், திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டிய டின்னுக்கு டேப் தேடினாள்.

சனிக்கிழமை ஆபரேட்டர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

"மேடம், அந்த நீலக் கட்ட இருக்குல்ல, மேலாக்க எமரி போட்டுத் தேச்சா வெள்ளையாயிடும். ரெண்டு புதுசு, இது ஒண்ணு, மூணு ஆயிடும்."

என் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று கேட்டார்கள், மூன்று கொடுத்தால் அவள் இங்கேயே இருப்பாள்.

"தேச்சா கலர் போகும். உள்ள போன ஆக்சிஜன் போகாது," என்றாள் மகள். "ஒருத்தர் கால்ல வைக்கிற சாமான் அது."

"மாதிரிதானே மேடம், கால்ல வைக்கப் போறதில்லையே."

"நாளைக்கு வைப்பாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு காப்பியை வாங்கிக் குடித்தார். போனபின் என் மனைவி என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"பாஸானா இங்க இருப்பா, புருஷன் அங்க கெடப்பான். ஃபெயிலானா அங்க போயிடுவா, நீங்க இங்க கெடப்பீங்க. நான் எதுக்குன்னு வேண்டிக்கிறது?"

திருவையாற்றுக்கு அன்று சாயங்காலம் போனோம். அவள் பிரகாரத்தில் நின்று எதற்கு வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. ஆற்றில் செம்மண் தண்ணீர் இரண்டு படிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மழை. காரில் டின்னை என் மடியில் வைத்துக்கொண்டேன். மூடி இறுக்கி, டேப் சுற்றி, மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டிருந்தது. மகள் ஓட்டினாள். தஞ்சாவூரிலிருந்து திருச்சி வரை அவள் ஒவ்வொரு வேகத்தடையிலும் மெதுவாக ஏற, நான் ஒவ்வொன்றிலும் டின்னைத் தூக்கிப் பிடித்தேன்.

"அப்பா, அது குழந்த இல்ல. கீழ வைங்க."

"பரவால்ல."

"கை வலிக்கும்."

"நீ ரோட்டப் பாரு."

ரோட்டைப் பார்த்தபடியே, "பெங்களூர்க்காரங்களுக்கு நேத்து மெயில் போட்டேன்," என்றாள். "மூணு இல்ல, ரெண்டுதான் நல்லது வரும், மூணாவது ஈரப் பொடில ஆனது, அதையும் அப்படியே அனுப்பறேன், என்ன ஆச்சுன்னா இதுதான்னு எழுதிட்டேன்."

"பூஜைன்னா எழுதின?"

"பூஜைன்னுதான் எழுதினேன். வேற என்ன எழுதறது?"

படித்தவர்கள் நடத்துகிற கம்பெனி. சந்தனமும் பூவும் வைத்து உலர்பெட்டியை அணைத்தோம் என்று படித்தால் என்ன நினைப்பார்கள்? ஏதாவது மின்தடை என்று எழுதியிருக்கலாம். ஊரில் அதற்கா பஞ்சம்? செங்கிப்பட்டி தாண்டும்போது மழை வலுத்து, துடைப்பான் போதாமல், அவள் ஓரமாக நிறுத்தினாள். பதினோரு நிமிடம் நின்றோம். டின்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன்.

பொடி கல்லூரி அடுப்பில் ஒரு நாள் முழுக்க இருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன். இருக்கிறது என்றான். டீசல் இருக்கிறதா என்று கேட்டேன். மகள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு கட்டை, வியாழக்கிழமை ஒரு கட்டை. இரண்டு நாளும் மழை விட்டு விட்டுப் பெய்தது, கரண்ட் போகவில்லை. முதல் கட்டையை எடுத்தபோது ஆபரேட்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். வெள்ளி நிறம். இரண்டாவதும் வெள்ளி. அந்த மயில்கழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுமில்லாதவை போல, சோபையில்லாமல் இருந்தன.

"இதுக்கா இவ்ளோ பாடு?" என்றாள் என் மனைவி. "அதுதான் அழகு."

"அழகுதாம்மா," என்றாள் மகள். பூஜைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மூன்றையும் தனித்தனியாகச் சுற்றி, நீலத்தின்மேல் "ஈரப் பொடி" என்று எழுதி ஒட்டி, வெள்ளிக்கிழமை ஆபரேட்டர் ரயிலில் கையோடு கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு நான் போன் பக்கத்திலேயே இருந்தேன். அது என் போன்கூட இல்லை. மகளுடைய போன் அடித்தால் அவளுக்கு முன்னால் எழுந்துவிடுவேன்.

தீபாவளிக்கு முதல் நாள், திங்கட்கிழமை, அம்மாவும் மகளும் அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். போன் வந்தது. மகளுக்குக் கையில் மாவு, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். பெங்களூர்க்காரர் தமிழர், சேலம் பக்கம்.

"மேடம், ரெண்டு வெள்ளையையும் வளைச்சோம், இழுத்தோம். நடுவுல ஒண்ணும் ஆகல. கடைசில ஒடைஞ்சது சாஃப்ட் முனைலதான், அது ஒடைய வேண்டிய எடம்தான். நீலத்த வளைச்ச ஒடனே நடுவுல டப்புன்னு போயிடுச்சு."

"அது போகும்னு தெரியும் சார்."

"எங்களுக்கும் தெரியணும்ல? நீங்க அத அனுப்பலைன்னா, நல்லதுக்கும் கெட்டதுக்கும் எங்க டெஸ்ட்ல வித்தியாசம் தெரியுதான்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அப்புறம் மேடம், உங்க மெயிலப் படிச்சிட்டு எங்க ப்ளோர்ல ஒரே சிரிப்பு. எங்க ஆளுங்களும் அன்னிக்கு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டாங்க. கேன்டீன் ஃப்ரிட்ஜ் உட்பட. ரெண்டு நாள் பால் இல்ல."

சொன்ன ஆர்டர் முழுசாக வரவில்லை. நினைத்ததில் பாதி. மீதியை ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதாகச் சொன்னார். போனை வைத்ததும் மகள் மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

"ஜனவரில போறதில்ல," என்றாள். "அடுத்த ஜனவரி வரைக்கும் பாக்கலாம். பாதி கெடச்சாலும் இருக்கலாம்னு அவர்கிட்ட முன்னாடியே பேசிட்டேன். பொங்கலுக்கு அவர் வராரு."

"எத்தன நாளைக்கு?" என்று என் மனைவியும் நானும் ஒரே சமயத்தில் கேட்டோம்.

"பன்னெண்டு."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவைப் பிசைந்தாள். வருஷத்தில் பன்னிரண்டு நாள் என்று அவள் மனசில் ஓடியது எனக்குத் தெரிந்தது. எனக்கு ஓடியது வேறு. பாதி ஆர்டர், ஒரு வருஷம், அடுத்த ஆயுத பூஜை எப்போது வருகிறது?

மறுவாரமே எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் ஆபரேட்டர் கேட்க மாட்டார், என் மனைவி கேட்கவே மாட்டாள், மகளும் நிறுத்து என்று சொல்லவில்லை. எனவே உலர்பெட்டிக்கு மட்டும் மெயினோடு சேராத தனி லைன் இழுக்கச் சொன்னேன். கரண்ட் போனால் எட்டு மணி நேரம் தாங்குகிற பேட்டரி. அதற்கு ஒரு தனி சுவிட்ச், யார் கையும் சட்டென்று போகாத உயரத்தில்.

"சார், ஒரு பெட்டிக்கு எதுக்கு சார் இவ்ளோ?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அதுக்கு ரெஸ்ட் கெடையாது."

அடுத்த வருஷம் பூஜை அன்று மெயினை இழுத்ததும் கூடம் முழுக்க அமைதியானது. உலர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. என் மனைவி அதற்குள் பூ வைக்கவில்லை. பெட்டிக்கு வெளியே, கதவின் கைப்பிடியில், தண்ணீர் தெளிக்காத ஒரு சாமந்தியைச் செருகினாள். நான் அன்றும் இரண்டு தடவை போய் எண்ணைப் பார்த்தேன். ஆறு காட்டியது. பொடி என்ன காட்டுகிறது என்று பார்க்க என்னிடம் வழி இல்லை. மணலையும் அந்த வருஷம் வறுத்தேன். பதினெட்டு ஈடு ஆயிற்று.

ஒயர், சுவிட்ச், பேட்டரி, இன்வெர்ட்டர், இரண்டு நாள் கூலி, எலக்ட்ரீஷியனுக்கு வேட்டி துண்டு எல்லாம் சேர்த்து, என் பென்ஷனிலிருந்து ஆனது முப்பத்தோராயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.